செங்குத்து அச்சுக் காற்றாலையால் தண்ணீர் இறைக்க: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காற்றைக் கொண்டு தண்ணீர் இறைக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் சுழலியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை இறகு வைப்பது, எப்படி வளைப்பது, எவ்வளவு பெரிதாகச் செய்வது என்று வாரக்கணக்கில் யோசிப்பார்கள். கிணற்றுப் பக்கம் கடைசியில்தான் வருவார்கள். வேலையின் வரிசை இதற்கு நேர் எதிர். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்துக்கு என்பது முதலில். அதற்கேற்ற பம்பு அடுத்து. அந்தப் பம்பை ஓட்டும் அளவுக்குச் சுழலி கடைசியில். இப்படிப் போனால், சிறிய வெல்டிங் பட்டறை ஒன்றும் இரண்டு இரும்பு டிரம்மும் இருந்தாலே, தினமும் சில நூறு லிட்டர் தண்ணீர் தரும் இயந்திரத்தைச் செய்துவிடலாம்.

இந்தக் கட்டுரை அந்த அளவுக்கானதுதான்: ஆழம் குறைந்த கிணறு, குளம், ஓடை போன்ற இடங்களிலிருந்து காய்கறித் தோட்டத்துக்கும் கால்நடைக்கும் தண்ணீர் ஏற்றுவது. ஏக்கர் கணக்கில் வயலுக்குப் பாய்ச்ச இது போதாது.

எந்த வகைச் சுழலி?

தண்டு தரைக்குச் செங்குத்தாக நின்று சுழன்றால் அது செங்குத்து அச்சுக் காற்றாலை. பழைய யோசனைதான். ஈரானின் நஷ்திஃபான் ஊரில் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய செங்குத்து அச்சு ஆலைகள் பல நூற்றாண்டுகளாக மாவரைத்திருக்கின்றன. இன்று நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு குடும்பங்கள். இரண்டுமே 1920களில் பிறந்தவை.

ஒன்று, பின்லாந்தைச் சேர்ந்த சிகுர்ட் சவோனியஸ் உருவாக்கியது. ஒரு உருளையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிராக நகர்த்தி வைத்தால் மேலிருந்து பார்க்கும்போது எஸ் எழுத்து போல இருக்கும். குழிந்த பக்கத்தைக் காற்று பலமாகத் தள்ளும், குவிந்த பக்கத்தில் வழுக்கிப் போகும். இந்த வித்தியாசம்தான் சுழலியைச் சுற்றுகிறது. வேகம் குறைவு, ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதே முறுக்கு விசை நன்றாக இருக்கும்.

மற்றது, பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் டாரியு உருவாக்கியது. விமான இறக்கை வடிவ மெல்லிய இறகுகள் காற்றைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றும். திறன் அதிகம். ஆனால் தானாகக் கிளம்புவதில் அடம்பிடிக்கும், கிளம்பும்போது முறுக்கு விசை மிகக் குறைவு. மின்சாரம் எடுக்க நல்லது. தண்ணீர்ப் பாரத்தோடு நிற்கும் பிஸ்டன் பம்பை நேரடியாக இழுக்க ஏற்றதல்ல. ஆகவே பம்பு வேலைக்கு முதல்முறை இறங்குபவர்கள் சவோனியஸைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரேஸ் ஆய்வு நிறுவனம் 1960களிலேயே எண்ணெய் டிரம்களைப் பிளந்து இப்படியொரு இறைப்பு ஆலையை வடிவமைத்து, செய்முறையையும் வெளியிட்டது. கீழே நான் சொல்லும் சுழலியும் அதே வழியில் வந்ததுதான்.

அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். காற்றிலுள்ள ஆற்றலில் அதிகபட்சம் 59.3 விழுக்காட்டைத்தான் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியும். இது ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்ட வரம்பு. பட்டறையில் செய்த டிரம் சுழலி 15 விழுக்காடு எடுத்தால் நல்ல வேலை என்று வைத்துக்கொள்ளலாம். வால் வைத்த பல இறகுக் காற்றாலை அதே பரப்பில் ஏறத்தாழ இரு மடங்கு எடுக்கும், இரும்பும் குறைவாகவே பிடிக்கும். அப்படியிருந்தும் டிரம் சுழலியை ஏன் எடுக்கிறோம்? காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அது சுழலும், திருப்ப வால் வேண்டாம். கிராங்கும் (சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் பாகம்) பம்பும் தரையிலேயே இருப்பதால் பழுது பார்க்கக் கோபுரம் ஏற வேண்டியது குறைவு. இறகுக்குத் துல்லியமான வளைவு தேவையில்லை. வெட்டவும் வெல்டிங் செய்யவும் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

முதல் படி: தண்ணீர்க் கணக்கு

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று எழுதுங்கள். தோட்டத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். வெயில் காலத்தில் காய்கறிக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று எடுத்தால், 100 சதுர மீட்டருக்கு 500 லிட்டர்.

அடுத்தது மொத்த ஏற்ற உயரம். தரையிலிருந்து அளக்கக் கூடாது. வறண்ட மாதத்தில், இறைத்துக்கொண்டிருக்கும்போது கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்து, தொட்டியில் குழாய் வாய் இருக்கும் இடம் வரை அளக்க வேண்டும். தண்ணீர் மட்டம் தரைக்கு 4 மீட்டர் கீழே, தொட்டி வாய் தரைக்கு 2 மீட்டர் மேலே என்றால் 6 மீட்டர். குழாய் நீளமாகவோ ஒடுக்கமாகவோ இருந்தால் உராய்வுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

500 லிட்டரை 6 மீட்டர் ஏற்ற வேண்டிய ஆற்றல் வெறும் 8 வாட் மணிதான். 8 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிய எவ்வளவு தேவையோ அவ்வளவு. இந்த எண்ணைப் பார்த்தால்தான் சிறிய காற்றாலையால் ஏன் முடிகிறது என்பது புரியும். ஆழம் கூடினால் கதை மாறிவிடும். 25 மீட்டர் ஆழத்திலிருந்து இதே இயந்திரத்தை வைத்து இறைத்தால், சுமாரான காற்றில் மணிக்கு 80 லிட்டர்கூட வராது. அவ்வளவு ஆழமென்றால் டிரம் சுழலியை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது படி: காற்றைப் பாருங்கள்

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஒரு சதுர மீட்டர் வழியாகப் போகும் காற்றில், வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்றால் 16 வாட் இருக்கும். 4 மீட்டரில் 38 வாட், 5 மீட்டரில் 75 வாட், 6 மீட்டரில் 130 வாட். 3-க்கும் 5-க்கும் நடுவில் என்ன நடக்கிறது பாருங்கள். இடத்தேர்வில் கொஞ்சம் மெனக்கெட்டால் கிடைக்கும் லாபம், சுழலியின் வடிவத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் கிடைக்காது.

காற்றுமானி இருந்தால், சுழலி வரப்போகும் உயரத்தில் ஒரு கம்பத்தில் கட்டி அளவெடுங்கள். இல்லாவிட்டாலும் கண்ணால் பார்த்து எழுதலாம். முகத்தில் காற்று படுகிறது, இலைகள் சலசலக்கின்றன என்றால் விநாடிக்கு 1.6 முதல் 3.3 மீட்டர். இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசைகின்றன, மெல்லிய கொடி விரிந்து பறக்கிறது என்றால் 3.4 முதல் 5.4. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 5.5 முதல் 7.9. சின்ன மரங்களே ஆடத் தொடங்கினால் 8-க்கு மேல். காலை, மதியம், மாலை, தூங்கப் போகும் முன் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தண்ணீர் அதிகம் தேவைப்படும் மாதத்தில் இதைச் செய்வது முக்கியம். வருடத்தின் சராசரி நன்றாக இருந்து, தேவைப்படும் மாதத்தில் மட்டும் காற்று படுத்துவிட்டால் பயனில்லை.

அந்த மாதத்தின் சராசரி 3 மீட்டருக்குக் கீழே இருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். வெயில் நன்றாக அடிக்கும் இடத்தில் சூரிய சக்திப் பம்பு உங்களுக்கு எளிதாக இருக்கும். காற்றாலைக்கு நியாயமான இடம் எதுவென்றால், இரவிலும் மேகமூட்டத்திலும் காற்று நிற்காமல் வீசுகிற ஊர், ஆழம் குறைந்த தண்ணீர், கையால் பழுது பார்க்கத் தெரிந்த ஆள். இந்த மூன்றும் இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம்.

இடத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. செங்குத்து அச்சு ஆலை கலங்கிய காற்றிலும் சுழலும், எனவே மரத்தடியிலோ கட்டடத்தின் பக்கத்திலோ தாழ்வாக வைத்தாலும் பரவாயில்லை என்பார்கள். சுழலும் என்பது உண்மை. ஆனால் அங்கே ஆற்றலே இருக்காது. 8 மீட்டர் உயர மரத்துக்குப் பின்னால் அதன் உயரத்தைப்போல் இருபது மடங்கு தூரம் வரை, அதாவது 160 மீட்டர் வரை, காற்று கலங்கிப்போய் வரும். மேல்நோக்கி அந்தக் கலக்கம் மரத்தின் இரு மடங்கு உயரம் வரை எட்டும். திறந்த வெளியிலேயே 2 மீட்டர் உயரத்திலிருந்து 6 மீட்டருக்கு ஏற்றினால் வேகம் சுமார் 17 விழுக்காடு கூடும், ஆற்றல் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடும். சுழலியின் நடுப்பகுதி 6 மீட்டருக்குக் குறையாமல் வைக்கப் பாருங்கள். முக்கியமான காற்று வரும் திசை திறந்திருக்க வேண்டும்.

கிணறு பள்ளத்தில், காற்று மேட்டில் என்றால்? அப்போது மட்டும் மின்சாரம் எடுத்துக் கம்பியில் கொண்டுவரும் வழியை யோசிக்கலாம். அதற்கு ஜெனரேட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி, மின் பம்பு என்று வேறு அறிவு வேண்டும். இங்கே அதற்குள் போகவில்லை.

மூன்றாவது படி: பம்பைப் பொருத்துவது

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இப்படிச் செய்த ஆலை நின்றுபோகும்போது பழி சுழலிமேல் விழும். பம்பு அதற்குப் பெரிதாக இருந்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

நமது சுழலியின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 200 லிட்டர் டிரம்மின் விட்டம் சுமார் 57 சென்டிமீட்டர், உயரம் சுமார் 88. இரண்டு டிரம்களைப் பிளந்து, நடுவில் 10 சென்டிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, இரண்டு அடுக்காக நிறுத்தினால் அகலம் 104, உயரம் 176. பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். விநாடிக்கு 4 மீட்டர் காற்றில் இதன் வழியே போகும் ஆற்றல் 70 வாட். 15 விழுக்காடு எடுத்தால் தண்டில் 10 வாட். கிராங்க், பம்பு, குழாய் எல்லாம் தின்றது போக தண்ணீரில் சேர்வது 5 வாட். அதை வைத்து 6 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு 300 லிட்டர் ஏற்றலாம்.

அந்தக் காற்றில் சுழலி நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றும். சவோனியஸின் விளிம்பு, பாரம் இழுக்கும்போது, காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 0.8 மடங்கில் ஓடினால்தான் அதிக ஆற்றல் தரும் என்பதிலிருந்து வரும் கணக்கு இது. ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் ஒருமுறை மேலேறி இறங்கும், அதைத்தான் அடி என்கிறேன். பிஸ்டன் பம்புக்கு நிமிடத்துக்கு 60 அடி என்பது கொஞ்சம் வேகம்தான், ஆனாலும் பிஸ்டன் நகரும் தூரத்தை, அதாவது அடி நீளத்தை, குட்டையாக வைத்தால் தாங்கும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர், 5 சென்டிமீட்டர் அடி நீளம் என்றால் ஒரு சுற்றுக்கு 98 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 5.9 லிட்டர். கசிவைக் கழித்தால் மணிக்கு அதே 300 சொச்சம் லிட்டர். பம்பும் காற்றும் இப்படி ஒத்துப்போக வேண்டும்.

சரி, கணக்கு ஒத்துவிட்டது, ஓடுமா? ஓடத் தொடங்கிய பிறகு ஓடும். கிளம்புவதுதான் பிரச்சினை. ஒருபக்கம் மட்டும் இறைக்கும் பிஸ்டன் பம்பில் பாரம் முழுவதும் மேலே இழுக்கும் அரைச்சுற்றில் வந்து விழுகிறது. அந்த அரைச்சுற்றின் நடுவில் தேவைப்படும் முறுக்கு விசை, சராசரியைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஓடும்போது டிரம்களின் எடையே அந்த மேட்டைத் தாண்டிவிடும். நின்ற இடத்திலிருந்து தாண்டுவது கடினம். இதற்கு மூன்று வைத்தியம் உண்டு, மூன்றையும் செய்யுங்கள்.

முதலாவது, கிராங்க் வட்டில் ஒரே துளை போடாமல் மையத்திலிருந்து 1.5, 2, 2.5 சென்டிமீட்டர் தூரங்களில் மூன்று துளை போடுங்கள். அடி நீளம் 3, 4, 5 சென்டிமீட்டர் ஆகும். காற்று மந்தமான மாதத்தில் சிறிய அடி, வேகமான மாதத்தில் பெரிய அடி. சிறிய அடியில் தண்ணீர் குறைவாக வருவது போலத் தெரியும். ஆனால் பல மணி நேரம் கூடுதலாக ஓடும்.

இரண்டாவது, எதிர் எடை. 5 சென்டிமீட்டர் பிஸ்டனின் மேல் 6 மீட்டர் தண்ணீர் நின்றால் அது கிட்டத்தட்ட 12 கிலோ பாரம். பிஸ்டன் கம்பியை மேலே தூக்கும் திசையில் கம்பியின் எடையை ஈடுகட்டும் அளவும் அதற்கு மேல் 6 கிலோவும் எதிர் எடையாகப் போட்டுவிட்டால், மேலேற்றும்போது பாதி, கீழிறக்கும்போது பாதி என்று பாரம் பங்கு பிரிந்துவிடும். உச்ச முறுக்கு பாதியாகிவிடும். ஒரு இரும்புத் துண்டு செய்கிற வேலை இது!

மூன்றாவது, பிஸ்டனில் 1.5 மில்லிமீட்டர் துளை ஒன்று. மெதுவாக நகரும்போது தண்ணீர் அந்தத் துளை வழியே கீழே ஒழுகிவிடும், பாரம் தெரியாது. வேகம் பிடித்ததும் ஒழுக நேரம் கிடைக்காது, பம்பு முழுதாக இறைக்கும். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தண்ணீரை இழப்போம். பதிலுக்கு ஆலை மெல்லிய காற்றிலேயே கிளம்பும்.

உறிஞ்சும் உயரத்துக்கு ஒரு எல்லை உண்டு. காற்றழுத்தம் தள்ளுவதால்தான் தண்ணீர் ஏறுகிறது, அது கோட்பாட்டில் 10 மீட்டர், நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர். தண்ணீர் மட்டம் அதற்கும் கீழே போகும் என்றால் சிலிண்டரையே தண்ணீருக்குள் இறக்க வேண்டும். எப்படியானாலும் குழாயின் அடியில் நல்ல ஃபுட் வால்வு (தண்ணீரை மேலே மட்டும் விடும் ஒருவழி வால்வு) வேண்டும், இல்லாவிட்டால் காற்று நிற்கும்போதெல்லாம் குழாய் காலியாகிவிடும்.

பிஸ்டன் பிடிக்காதவர்களுக்குக் கயிற்றுப் பம்பு இருக்கிறது. நைலான் கயிற்றில் இடைவெளி விட்டு வட்டுகள் கோத்து, குழாய்க்குள் சுற்றி வரச் செய்வது. நிகரகுவா நாட்டில் 1980களிலிருந்து பெரிய அளவில் பரவிய பம்பு அது. பாரம் ஒரே சீராக இருப்பதால் காற்றாலைக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அதற்குக் கிடை அச்சில் சுற்றும் சக்கரம் வேண்டும். செங்குத்துத் தண்டிலிருந்து திசை திருப்ப, பழைய வாகனத்தின் டிஃபரன்ஷியல் போன்ற பல்சக்கரம் தேவைப்படும். அது கிடைத்தால் செய்யுங்கள்.

நான்காவது படி: சுழலி செய்வது

டிரம் எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது அதில் முன்பு என்ன இருந்தது என்று. பூச்சிமருந்து, கரைப்பான் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். எண்ணெய், எரிபொருள் இருந்த டிரம் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். கேஸ் கட்டரோ கிரைண்டரோ பட்டால் வெடிக்கும், உயிர் போகும். நன்றாகக் கழுவி, மூடியைத் திறந்து வைத்து, வெட்டும் கோடு வரை தண்ணீர் நிரப்பி, உளி அல்லது தகடு வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். நெருப்பு வேண்டாம்.

நெடுக்காக வெட்டும்போது மேல் கீழ் மூடிகளையும் சேர்த்தே பாதியாக வெட்டுங்கள், கழற்றி எறிய வேண்டாம். அந்த அரைவட்ட மூடிகள் காற்று மேலும் கீழும் வழிந்து ஓடாமல் தடுக்கும். டிரம்மும் வளையாமல் நிற்கும். வெட்டிய விளிம்புகளில் பட்டைக் கம்பி ஒன்றை ஓட்டினால் கையைக் கிழிக்காது, காற்றில் அதிராது.

தண்டுக்கு வெளி விட்டம் 48 மில்லிமீட்டர் அளவில் கனமான சுவர் உள்ள இரும்புக் குழாய் போதும். ஒவ்வொரு பாதியையும் மூடிகளிலும் நடுவிலுமாக மூன்று இடங்களில் தண்டோடு போல்ட் போட்டு இணையுங்கள். இரு பாதிகளும் நடுவில் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கட்டும், அந்த இடைவெளி வழியாகக் காற்று மறுபக்கம் போவது நல்லதுதான். மேல் அடுக்கைக் கீழ் அடுக்குக்கு 90 பாகை திருப்பி வையுங்கள். ஒரு அடுக்கு மட்டும் இருந்தால், காற்று ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வரும்போது சுழலி கிளம்பாமல் நின்றுவிடும். இரண்டு அடுக்கில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும், சுழற்சியின் துடிப்பும் குறையும்.

அப்புறம் சமநிலை. தண்டைக் கிடையாக இரண்டு மட்டமான கம்பிகளின்மேல் வைத்து உருட்டிவிடுங்கள். கனமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் சிறு தகடுகளை போல்ட் போட்டு, எந்த நிலையில் விட்டாலும் நிற்கும் வரை சரிசெய்யுங்கள். இதைத் தவிர்த்தால் பேரிங் சீக்கிரம் போகும், தூண்கள் ஆடும்.

கீழ்ப் பேரிங்தான் முழு எடையையும் தாங்கும். பழைய காரின் முன்சக்கர ஹப் அப்படியே இதற்குப் பொருந்தும், ஏனென்றால் அது பக்க விசையையும் எடையையும் சேர்த்துத் தாங்கச் செய்யப்பட்டது. மேலே தானாக நேர்ப்படும் வகைப் பேரிங் போடுங்கள், மழை இறங்காமல் ஒரு தொப்பித் தகடும் வேண்டும். சுழலிக்கும் தரைக்கும் நடுவே தண்டு நீண்டு வருவதால் அங்கே ஒவ்வொரு 2 மீட்டருக்கும் ஒரு வழிகாட்டிப் பேரிங் வையுங்கள்.

ஐந்தாவது படி: நிறுத்துவது

நான்கு கால் சட்டமும், அதன் தலையிலிருந்து நான்கு திசையில் இழுத்துக் கட்டிய ஸ்டே ஒயரும் எளிதான அமைப்பு. ஒயர் தரையோடு 45 பாகைக்கு அருகில் இருக்கட்டும், முறுக்கி இறுக்க டர்ன்பக்கிள் வேண்டும். விநாடிக்கு 30 மீட்டர் புயல்காற்றில் நின்றிருக்கும் சுழலியின்மேல் விழும் தள்ளு விசை சுமார் 120 கிலோ. 6 மீட்டர் உயரத்தில் அவ்வளவு தள்ளினால் அடித்தளத்தில் எவ்வளவு முறுக்கு வரும் என்று யோசித்து, ஒயர் நங்கூரங்களுக்கும் கால்களுக்கும் காங்கிரீட் போடுங்கள். மண் இளகலாக இருந்தால் குழியை இன்னும் ஆழமாக எடுக்க வேண்டும்.

கோபுரத்தைக் கிணற்று வாய்க்கு மேலேயே நிறுத்தாதீர்கள். கிரீஸும் துருவும் தண்ணீரில் விழும். குடிக்கும் தண்ணீர் என்றால் கிணற்றை மூடியே வைக்க வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தண்டின் அடியில் உள்ள கிராங்க் வட்டு கிடையாகச் சுற்றும், அதிலிருந்து ஒரு தள்ளுகம்பி கிடையாக முன்னும் பின்னும் போகும். கிணற்று வாயருகே எல் வடிவ நெம்பு ஒன்று அந்தக் கிடை அசைவை மேல் கீழ் அசைவாக மாற்றி பிஸ்டன் கம்பியை இழுக்கும். எதிர் எடையைத் தொங்கவிட வேண்டிய இடமும் இந்த நெம்புதான். தள்ளுகம்பி இழுக்கவும் தள்ளவும் வேண்டியிருப்பதால் மெல்லிய கம்பியாக இருந்தால் வளைந்துவிடும், குழாயாக இருக்கட்டும். இந்தப் பகுதி முழுவதற்கும் கம்பி வலைக் கூண்டு போடுங்கள். குழந்தைகள் கை வைக்கும் உயரத்தில் சுற்றுகிற இரும்பு அது.

ஆறாவது படி: பிரேக்

பிரேக் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். பம்பு கம்பி அறுந்துவிட்டால் சுழலிக்குப் பாரம் போய்விடும், அதே காற்றில் வேகம் இரு மடங்கை நெருங்கும். வேகம் இரு மடங்கானால் டிரம்மை வெளியே பிடுங்கும் விசை நான்கு மடங்கு. ஏறத்தாழ 9 கிலோ எடையுள்ள ஒரு டிரம் பாதியை, நிமிடத்துக்கு 60 சுற்றில் வெளியே இழுக்கும் விசை 11 கிலோ. 300 சுற்றில் அதுவே 270 கிலோ. அந்த நிலையில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் போதும்.

தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு வட்டும், அதைச் சுற்றிப் பழைய பெல்ட்டும் போட்டு, நெம்பால் இறுக்கும் பட்டை பிரேக் செய்யலாம். அதோடு, புயல் எச்சரிக்கை வரும்போது சுழலியைச் சட்டத்தோடு கட்டிப்போட இரண்டு சங்கிலிகள் வேண்டும். பிரேக் பிடிக்கத் தள்ளியிருந்தே கை எட்ட வேண்டும், சுற்றுகிற சுழலிக்கு அடியில் போய் நிற்கும்படி வைக்கக் கூடாது.

ஏழாவது படி: தொட்டி

காற்று நம் தேவைக்கு வீசாது. மூன்று நாள் தண்ணீர் கொள்ளும் தொட்டி இருந்தால்தான் இந்த ஆலை நம்பகமானதாக இருக்கும். நாளைக்கு 500 லிட்டர் என்றால் 1,500 லிட்டர். தொட்டி நிரம்பிய பிறகும் ஆலை சுற்றும் என்பதால், வழிந்தோடும் குழாயைக் குளத்துக்கோ மரத்தடிக்கோ விடுங்கள். மிதவை வால்வு வைத்து அடைக்க நினைக்காதீர்கள். பிஸ்டன் பம்பின் வெளியேற்றக் குழாயை எங்கே அடைத்தாலும் அழுத்தம் ஏறி குழாயோ கம்பியோ உடையும். அந்தக் குழாயில் மூடும் வால்வு எதுவுமே இருக்கக் கூடாது.

ஓட்டமும் பராமரிப்பும்

முதல் நாள் பம்பை இணைக்காமல், மெல்லிய காற்றில், பிரேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா சுற்றவிட்டுப் பாருங்கள். சட்டத்தைத் தொட்டால் அதிர்வு தெரிகிறதா, பேரிங் சூடாகிறதா, ஒயர் எதுவும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பலமாக நடுங்குகிறதா என்று கவனியுங்கள். நடுங்கினால் அந்த ஒயரின் இறுக்கத்தை மாற்றிப் பாருங்கள். பிறகு மிகச் சிறிய அடித் துளையில் பம்பை இணையுங்கள்.

முதல் வாரம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள், புது இணைப்புகள் கட்டாயம் இளகியிருக்கும். அதன்பின் மாதம் ஒருமுறை போல்ட், ஒயர், கிரீஸ். பிஸ்டனின் தோல் வாசர்தான் சீக்கிரம் தேய்கிற பொருள். சுழலி நன்றாகச் சுற்றியும் தண்ணீர் குறைகிறது என்றால் முதலில் வாசரைப் பாருங்கள், அடுத்து ஃபுட் வால்வில் மணல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாற்று வாசர்களைக் கையில் வைத்திருங்கள். வெட்டிய விளிம்புகளில் வண்ணம் உரிந்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரு மாதம் ஓடிய பிறகு கிராங்கை நடுத்துளைக்கு, அதாவது 2 சென்டிமீட்டருக்கு, மாற்றிவிட்டு 20 லிட்டர் வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு குழாய் வாயருகே போங்கள். சிறு கிளைகள் ஓயாமல் அசையும் காற்றில் வாளி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது, அதற்குள் சுழலி எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். 2 சென்டிமீட்டர் துளையில் ஒரு சுற்றுக்கு 78 மில்லிலிட்டர் வர வேண்டும், 70-க்கு மேல் வந்தால் பம்பு நன்றாக இருக்கிறது. சுழலி 60-ஐத் தாண்டிச் சுலபமாகச் சுற்றுகிறது என்றால் 2.5 துளைக்கு மாற்றுங்கள். அதே காற்றில் 40-க்குக் கீழே திணறுகிறது, அல்லது காலையில் கிளம்ப நேரமாகிறது என்றால் 1.5-க்கு இறக்குங்கள். மாற்றிய தேதியையும் வாளி நிரம்பிய நேரத்தையும் காற்றுக் குறிப்பு எழுதிய அதே நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த பருவத்தில் எந்தத் துளை என்று அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.